காணிக்கைக்குக் கணக்கு

சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலைவிட்டு இறங்குவோர், சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்டு முடித்து வந்த தொழிலாளி குளித்து, வெளுத்த சட்டை உடுத்து, மனைவி மக்களுடன் தகரக் கூரை வேய்ந்த ஒரு ஜெபக்கூடத்தை நோக்கி நடப்பதைக் காணலாம். அவர் கையில் வேதப்புத்தகம் இருக்கிறது. அதன் ஏடுகளுக்கிடையே ஓர் உறை இருக்கிறது. உறைக்குள் அம்மாதக் கூலியில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது. தசமபாகம் என்று அதற்குப் பெயர். பொன்னேரி, கவரப்பேட்டை, ஆரம்பாக்கம் முதலிய ஊர்களிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றியும் இதே காட்சிதான்.

மாதம் 15,000 ரூபாய் கூலி பெறுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1,500 ரூபாய். வருஷத்துக்கு 18,000 ரூபாய். அதாவது, பன்னிரண்டு மாதம் உழைத்தவர் ஒரு மாதக் கூலி முழுவதையும், அதற்கு மேலும் கொஞ்சத்தையும் கொடுத்துவிடுகிறார். இத்தகைய நூறு குடும்பங்கள் ஒரு சபையில் இருக்குமானால் வருஷ வருமானம் 18 லட்சம். ஸ்தோத்திரக் காணிக்கையும், கட்டட நிதியும், அசனப் பண்டிகை வசூலும் இதில் சேரவில்லை. இவ்வளவு பணமும் எதற்குச் செலவாகிறது, மிச்சம் எவர் பெயரில் எந்தப் பாங்கியில் இருக்கிறது என்று கொடுத்தவரைக் கேளுங்கள். ஊழியக்காரருக்குத் தெரியும் என்பார். ஊழியக்காரரைக் கேளுங்கள், கர்த்தருக்குத் தெரியும் என்பார். இவ்விரண்டு விடைகளுக்கும் நடுவே பேரேடு என்று ஒன்று இருக்க வேண்டாமா என்பதே நமது கேள்வி.

எல்லாச் சபைகளையும் ஒரே தராசில் நிறுத்த நாம் விரும்பவில்லை. அரை வயிற்றுக் கஞ்சியுடன் ஊழியம் செய்யும் போதகர்களை நாம் அறிவோம். தம் சொந்த நகையை அடகு வைத்துக் கூடத்தின் வாடகையைக் கட்டியவர்களும் உண்டு. ஆனால் கணக்கு எழுதாத நேர்மையாளரையும் கணக்கு எழுதாத வஞ்சகரையும் வெளியிலிருந்து பார்ப்பவன் எப்படிப் பிரித்தறிவான்? ஆகவே பேரேட்டினால் பிரதானமாக நன்மை பெறுகிறவர் நேர்மையான போதகரே.

கிறிஸ்தவர்களுடைய உள் விவகாரத்தில் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கோயில் உண்டியலைப் பற்றியும் மடத்து நிலத்தைப் பற்றியும் வக்பு சொத்தைப் பற்றியும் எழுதிய பேனா, சபைக் காணிக்கையின் முன் மட்டும் மை வற்றி நிற்பது நியாயமாகாது. பொதுஜனங்களிடம் பெற்ற பணம் எம்மதத்தின் பெயரால் பெறப்பட்டாலும் பொதுப்பணமே. ஆனால் மற்றோர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். சிறுபான்மையோரை அடிப்பதற்கு ஒரு கோல் கிடைக்காதா என்று தேடித் திரியும் கூட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. அக் கூட்டத்தார் இத் தலையங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குதிப்பார்களானால், அது நம்முடைய சம்மதத்தோடு அல்ல என்று இப்பொழுதே சொல்லி வைக்கிறோம். நாம் பேசுவது உறையில் பணம் போடுகிற அந்தத் தொழிலாளிக்காக.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். இந்து ஆலயங்களுக்கு அறநிலையச் சட்டம் உண்டு. இஸ்லாமியரின் வக்புகளுக்கு வக்புச் சட்டம் உண்டு. கிறிஸ்தவ ஸ்தாபனங்களின் சொத்துக்களை முழுவதும் மேற்பார்க்கத் தனிச் சட்டம் நமது மாகாணத்தில் இல்லை. 2024-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி சம்பந்தமான வழக்கொன்றை விசாரித்தபோது, சென்னை ஐகோர்ட் நீதிபதி என். சதீஷ்குமார் அவர்கள் இக் குறையைச் சுட்டிக்காட்டி, கிறிஸ்தவ ஸ்தாபனங்களுக்கும் சட்டப்படியான ஒரு வாரியம் ஏன் கூடாது என்று மத்திய, மாகாண சர்க்கார்களைக் கேட்டார். அந்த வருஷம் ஏப்ரலில்தான் அதே ஐகோர்ட்டின் இரு நீதிபதிகள் அமர்வு, தென்னிந்தியத் திருச்சபையின் நிர்வாகத்தைக் கவனித்துத் தேர்தலை நடத்துவதற்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்திருந்தது. வழக்கு பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று.

இச் செய்தியைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட வருத்தம் கொஞ்சமன்று. தென்னிந்தியத் திருச்சபை பிறந்த நாள் எது? 1947 செப்டம்பர் 27. பாரதம் விடுதலை பெற்ற ஆறு வாரங்களில், சென்னை ஸெயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ஏற்கெனவே ஒன்றுபட்டிருந்த பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபையார் ஆகிய பல பிரிவினர் ஒரே திருச்சபையாய்க் கூடினார்கள். அதன் சொத்துக்களை வைத்துப் பராமரிப்பதற்காக அதே செப்டம்பரில் கம்பெனிச் சட்டப்படி ஒரு டிரஸ்ட் சங்கம் பதிவாயிற்று. அன்னிய மிஷன்களின் கையிலிருந்த நிலங்களும் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் இந்நாட்டாரின் பொறுப்புக்கு வந்தது ஒரு சிறு சுயராஜ்யமே. அந்தச் சுயராஜ்யத்தை நடத்த எழுபத்தேழாவது வருஷத்தில் கோர்ட்டார் ஆள் நியமிக்க வேண்டி வந்ததென்றால் அதற்கு யார் பொறுப்பு? வழக்கின் நியாய அநியாயங்கள் கோர்ட்டுக்குரியவை. அவற்றை நாம் தீர்ப்பிட முற்படவில்லை. ஆனால் வக்கீல் தொழிலில் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். உறுப்பினர் கூட்டத்தில் கேட்கப்பட்டு விடை பெற்ற கேள்விகள் கோர்ட் படியேறுவதில்லை. அங்கே வாயடைக்கப்பட்ட கேள்விகளே வழக்கு நம்பர் பெறுகின்றன.

ஆகவே வாரியம் வேண்டும் என்கிறோமா? இல்லை. கேரளத்தில் வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலிருந்த சட்டச் சீர்திருத்தக் கமிஷன் 2009-இல் சபைச் சொத்துக்களுக்காக ஒரு மசோதாவைத் தயாரித்துக் கொடுத்தது. 2019-இல் நீதிபதி கே. டி. தாமஸ் தலைமையில் மறுபடியும் ஒரு நகல் வெளிவந்தது. சபைகள் கொதித்தெழுந்தன, சர்க்கார் பின்வாங்கியது. சபையாரின் அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. நமது மாகாணத்திலேயே சர்க்கார் மேற்பார்வையிலுள்ள கோயில்களின் நிலங்கள் ஆக்கிரமிக்கப்பட்டதும், அவற்றை மீட்டோம் மீட்டோம் என்று சர்க்காரே அறிக்கை விடுவதும் எல்லாரும் கண்டதே. ஓர் ஆபீஸும் ஓர் அதிகாரியும் ஏற்பட்டுவிட்டால் தர்மம் தானே நிலைபெறும் என்று நம்ப நாம் ஆயத்தமாக இல்லை.

ஆனாலும் சரித்திரம் ஒன்றைச் சபையார் நினைவில் வைக்க வேண்டும். 1920-களில் பனகால் ராஜாவின் மந்திரிசபை இந்து அறநிலைய மசோதாவைக் கொண்டுவந்தபோது, மதத்தில் சர்க்கார் கை வைக்கிறது என்று பெருங்கூக்குரல் எழுந்தது. எதிர்த்தவர்களில் தேசபக்தர்களும் இருந்தார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மசோதா சட்டமாயிற்று. காரணம் என்ன? தர்மகர்த்தாக்கள் பலர் தலைமுறை தலைமுறையாகக் கணக்குக் காட்டவில்லை என்பது ஊர் அறிந்த விஷயமாக இருந்தது. பூட்டிய பெட்டியைத் திறக்க மறுத்தவர்களே சர்க்காருக்குச் சாவியைக் கொடுத்தார்கள்.

சாவி என்றவுடன் பாஞ்சாலத்தின் நினைவு வருகிறது. 1921 நவம்பரில் அமிருதசரஸ் பொற்கோயிலின் பொக்கிஷச் சாவிகளை வெள்ளைக்கார அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போனார்கள். சீக்கியர்கள் கிளர்ச்சி செய்து சிறை புகுந்தார்கள். 1922 ஜனவரியில் சாவிகள் திரும்பி வந்தன. இந்தியாவின் சுதந்திரப் போரில் அதை ஒரு வெற்றியாகவே காந்தியடிகள் கொண்டாடினார். சீக்கியர்கள் ஒரே காலத்தில் இரண்டு யுத்தம் செய்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. குருத்துவாராக்களின் வருமானத்தைத் தம் சொந்த ஆஸ்திபோல் அனுபவித்த மகந்துகளை ஒரு புறம் எதிர்த்தார்கள். அவர்களுக்கு நிழல் கொடுத்த சர்க்காரை மறுபுறம் எதிர்த்தார்கள். 1925-இல் ஏற்பட்ட சட்டம் குருத்துவாராக்களைச் சர்க்கார் இலாகாவிடம் ஒப்படைக்கவில்லை. சீக்கிய ஆண் பெண் இருபாலாரும் வோட்டளித்துத் தேர்ந்தெடுக்கும் சபையிடம் ஒப்படைத்தது. அச் சபையிலும் பிற்காலத்தில் குறைகள் தோன்றின. என்றாலும் மகந்துக்கும் இலாகாவுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை அவர்கள் காட்டினார்கள். விசுவாசிகளின் வழி அது.

நம் ஊர்ச் சபைகளுக்கு இவ்வழி புதிதன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பு ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நிதிக் குழுவை விதிக்கிறது. விசுவாசிகள் கொடுத்த பொருளுக்கு விசுவாசிகளிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்று அதன் 1287-ஆவது விதி கூறுகிறது. தென்னிந்தியத் திருச்சபையிலும் சேகரக் கமிட்டி, பொருளாளர், தணிக்கை எல்லாம் இருக்கின்றன. அங்கே விதிக்குக் குறைவில்லை. விதியை எடுத்துப் படிக்கச் சொல்லும் ஆளுக்குத்தான் குறைவு. தொழிற்பேட்டை ஓரங்களில் முளைத்திருக்கும் சுயேச்சைச் சபைகளின் நிலை வேறு. அவற்றில் பலவற்றுக்கு டிரஸ்ட் பத்திரம் உண்டு; பத்திரத்தில் போதகர், அவர் மனைவி, மகன், மருமகன் ஆகியோரே டிரஸ்டிகள். நிலம் வாங்கப்படும்போது யாருடைய பெயரில் கிரயம் எழுதப்படுகிறது என்று பணம் கொடுத்தவர்களுக்குத் தெரியாது. ஊழியம் ஒரு குடும்பச் சொத்தாகித் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது.

இதில் தேசபக்தன் எவனுக்கும் உறைக்க வேண்டிய ஒரு விபரீதம் இருக்கிறது. கடல் கடந்து வரும் காணிக்கைக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அப் பணம் புது டில்லியில் ஸ்டேட் பாங்கியின் ஒரே கிளையில்தான் முதலில் வந்து இறங்கலாம். நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20-க்கு மேல் போகக் கூடாது. தணிக்கை செய்த கணக்கை இணையத் தளத்தில் உலகமறிய வெளியிட வேண்டும். அச் சட்டத்தின் கெடுபிடிகள் எல்லாவற்றையும் நாம் ஆமோதிக்கவில்லை. பகைத்தவர்களை நசுக்க அதைப் பிரயோகிக்கலாம் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் விளைவைப் பாருங்கள். அமெரிக்காவில் எவரோ அனுப்பிய டாலருக்குப் பகிரங்கமான கணக்கு உண்டு. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கியவர் கொடுத்த ரூபாய்க்கு இல்லை. வருமான வரிச் சலுகை வேண்டும் ஸ்தாபனம் தணிக்கைக் கணக்கைத் தாக்கல் செய்கிறது என்பது உண்மையே. அது வரி இலாகாவின் கண்ணுக்கு; கொடுத்தவர் கண்ணுக்கு அல்ல.

வேதம் கணக்குக் கேட்பதைத் தடுக்கிறதா? தசமபாகப் பிரசங்கத்துக்கு மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகம் எடுக்கப்படாத ஞாயிறு அரிது. ஆனால் அதே வேதத்தில் யோவாஸ் ராஜாவின் கதையும் இருக்கிறது. ஆலயத்தைப் பழுதுபார்க்கவென்று ஜனங்களிடம் ஆசாரியர்கள் பணம் வாங்கினார்கள். ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம் வரையில் பழுது பார்க்கப்படவில்லை. ராஜா அவர்களை அழைத்து, இனி நீங்கள் பணம் வாங்க வேண்டாம் என்றார். மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டி பலிபீடத்தருகே வைக்கப்பட்டது. பெட்டி நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் இருவருமாக எண்ணினார்கள். ஒருவரே எண்ணவில்லை. மல்கியாவைப் பிரசங்கிப்போர் யோவாஸைப் பிரசங்கிக்கக் காணோம். அப்போஸ்தலனாகிய பவுலும் எருசலேமின் ஏழைகளுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது தனியே கொண்டுபோக மனமில்லாமல், சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூட அழைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன் மாத்திரமல்ல, மனிதருக்கு முன்பும் அப்பழுக்கின்றி நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. கர்த்தருக்கு மட்டுமே கணக்கு என்று சொல்லுகிற ஊழியக்காரர் பவுலைவிடப் பெரியவரா?

நாம் தொழிலில் இறங்கிய முதல் வருஷங்களில் நம் ஆபீஸுக்கு வந்த ஒரு பிட்டரை இன்னும் மறக்க முடியவில்லை. எந்த ஊர், எந்தச் சபை என்பது வேண்டாம். கட்டட நிதிக்கென்று ஆறு வருஷம் கொடுத்த ரசீதுகளை ஒரு பிஸ்கோத்து டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். கட்டடம் எழும்பவில்லை. அஸ்திவாரம் எப்பொழுது என்று ஒரு நாள் கேட்டாராம். தேவ மனிதனை நியாயந்தீர்க்கிறான் என்று மேடையிலிருந்தே அவரைப் பற்றிப் பேசினார்கள். சபைப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. மகளின் விவாகத்தை நடத்தி வைக்க மறுத்தார்கள். நோட்டீஸ் எழுதி வைத்தோம். மறுநாள் வந்து, வேண்டாம் ஐயா, என் தாயாரைப் புதைக்க நாளைக்கு இடம் கேட்டு அவர்களிடந்தானே போக வேண்டும் என்று சொல்லி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரகசியம் முழுவதும் இதில் இருக்கிறது. ஜனங்கள் மூடர்களாக இருப்பதால் கேளாமலிருக்கவில்லை. கலியாணமும் கல்லறையும், பிள்ளைக்குப் பள்ளியில் இடமும் அதற்கு வேண்டிய சபைக் கடிதமும் ஒரே மனிதர் கையில் இருக்கின்றன. ஒரிஸ்ஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைக்க வந்தவர்க்கும், கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிக்கும் இந்தச் சபையைத் தவிர இவ்வூரில் சுற்றம் ஏது? சுற்றத்தை இழப்பதைவிட 1,500 ரூபாயை இழப்பது அவருக்குச் சுலபமாகத் தோன்றுகிறது. எனவே தனியொருவர் எழுந்து கேட்க வேண்டும் என்று உபதேசிப்பது பயன்படாது. பத்துப் பேர் சேர்ந்து கேட்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் சபையின் படித்த இளைஞர்கள் முன்னிற்க வேண்டும்.

வெளிநாட்டிலும் இக் கதைகள் உண்டு. சிங்கப்பூரில் சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் தலைவர்கள் ஆறு பேர், சுமார் ஐந்து கோடி சிங்கப்பூர் டாலர் சம்பந்தப்பட்ட வழக்கில் 2015-இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அங்கே தர்ம ஸ்தாபனங்களுக்கென்று ஒரு கமிஷனர் இருந்ததனால் 2010-இலேயே விசாரணை தொடங்கியது.

ஆனால் நல்ல முன்மாதிரிக்கு நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் கொண்ட விரதம் சுதேசி விரதமே: இந்நாட்டு ஆட்கள், இந்நாட்டுப் பணம். சோற்றுக்கு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்த பெண்களால் வளர்ந்தது அந்தக் கொடைப் பழக்கம். பிடி அரிசி கொடுத்தவளுக்கும் பிரபுவுக்கும் சபையில் ஒரே பாத்தியதை என்ற எண்ணம் இருந்தால்தான் அப்படிப்பட்ட கொடை பெருகும்.

தஞ்சாவூரில் 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்ற ஜே. சி. குமரப்பாவை அறியாத தேசபக்தர் இல்லை. 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு நிவாரண நிதியின் கணக்குகள் அவர் பொறுப்பில் இருந்தன. காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் அங்கே வந்தார். அந்த நிதி பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்காகக் கொடுக்கப்பட்டது, காந்தியடிகளின் கூட்டத்தாருக்கு ஆகும் செலவை அதிலிருந்து கொடுப்பதற்கில்லை என்று மகாதேவ தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டார். மகாத்மா கோபித்துக்கொள்ளவில்லை, அது சரியே என்று ஏற்றுக்கொண்டார். கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று பிரசங்கிக்கும் போதகர்கள் தங்கள் மதத்தில் பிறந்த இந்தத் தமிழரின் சரித்திரத்தை வாசித்துப் பார்ப்பார்களாக.

செய்ய வேண்டியது அதிகமில்லை. காணிக்கையை எண்ணும்போது போதகரின் குடும்பத்தைச் சேராத இருவர் உடனிருந்து கையெழுத்திடட்டும். பணம் சபையின் பெயரிலுள்ள பாங்கிக் கணக்குக்குப் போகட்டும். போதகருக்கு இவ்வளவு சம்பளம் என்று நிர்ணயமாகட்டும். அது தாராளமாகவே இருக்கட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. வருஷ முடிவில் வரவு செலவுத் தாள் ஒன்று சபைக் கதவில் ஒட்டப்படட்டும், ஒரியா பேசுகிறவர் இருந்தால் ஒரியாவிலும்.

மறுத்தால் என்ன செய்வது? கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு சட்டத்தை வாசகர்களுக்கு நினைவூட்டுகிறோம். 1920-ஆம் வருஷத்து 14-ஆவது சட்டமாகிய தர்ம, மத டிரஸ்டுகள் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி, பொது டிரஸ்டில் பாத்தியதையுள்ள ஒருவர் ஜில்லா கோர்ட்டில் மனுக் கொடுத்து, சொத்தின் விவரத்தையும் அதன் வருமானம் செலவான விதத்தையும் தெரிவிக்கும்படியும், கணக்கைத் தணிக்கை செய்விக்கும்படியும் டிரஸ்டிக்கு உத்தரவு கேட்கலாம். தகுந்த காரணமின்றி உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் அதுவே நம்பிக்கை மோசமாகக் கருதப்படும். சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவின்படி, டிரஸ்டியை நீக்கவும் புதுத் திட்டம் வகுக்கவும் வழக்குத் தொடர அது ஆதாரமாகும். பத்திரத்தில் எழுதியிருக்கும் பெயர் குடும்பத்தினுடையதாக இருந்தாலும், பொதுஜனங்களின் காணிக்கையால் வளர்ந்தது பொது டிரஸ்டே என்று வாதிக்கத் தடையில்லை. ஆனால் மனுக் கொடுக்கும் தேதிக்கு முந்திய மூன்று வருஷங்களுக்கு அப்பாற்பட்ட கணக்கைக் கேட்க அச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. திருவள்ளூரில் ஜில்லா கோர்ட் இருக்கிறது. நம் பிட்டரின் பிஸ்கோத்து டப்பாவிலிருந்த ரசீதுகள் எப்பொழுதோ காலாவதியாகிவிட்டன. மற்றவர்களுடையவை இன்னும் ஆகவில்லை.